பழைய ‘ரிபோன்’ இதழ்: வருடம் கண்டுபிடிக்க, குறை பார்க்க, கெடாமல் வைக்க

‘ரிபோன்’ ஜப்பானியச் சிறுமிகளுக்கான காமிக்ஸ் மாத இதழ். ஜப்பானின் ஏலத் தளங்களில் அதன் பழைய பிரதிகள் தினமும் விற்பனைக்கு வருகின்றன. விற்பவர் எழுதியிருக்கும் வருடம் பல நேரம் தப்பு. ‘முழுமையானது’ என்று போட்டிருந்தால் அதுவும் பாதி உண்மைதான். வேண்டுமென்றே ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம், பெரும்பாலானோருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. இதழின் வயதைச் சொல்லும் தடயங்கள் அட்டையிலிருந்து கூப்பன் வரை இதழுக்குள்ளேயே சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடிக்கும் வழி இது.

அடையாளம் காணப் போதுமான வரலாறு

கோதான்ஷா பதிப்பகம் ‘நகயோஷி’ என்ற சிறுமிகள் மாத இதழை 1955 ஜனவரி இதழோடு தொடங்கியது. அதே வருடம் செப்டம்பர் இதழோடு போட்டிப் பதிப்பகமான ஷூயெய்ஷா ‘ரிபோன்’ கொண்டுவந்தது. ஷூயெய்ஷாவிடம் 1951 முதலே ‘ஷோஜோ புக்’ என்ற பெண்கள் மாத இதழ் இருந்தது. 1963இல் அது நின்று, வார இதழான ‘மார்கரெட்’ அந்த இடத்துக்கு வந்தது. ‘ரிபோன்’ மட்டும் இன்றுவரை மாத இதழாகவே நிலைத்துவிட்டது.

1950களின் பிரதி கையில் கிடைத்தால், காமிக்ஸ் குறைவாக இருக்கிறதே என்று சந்தேகப்படாதீர்கள். அப்போது அது கலவை இதழ். படிக்கும் கதைகள், படக்கதைகள், புகைப்படப் பக்கங்கள், கட்டுரைகள் எல்லாம் சேர்ந்திருக்கும். 1960களில்தான் காமிக்ஸ் ஏறுமுகம் கண்டது. அகாட்சுகா ஃபுஜியோவின் ‘ஹிமிட்சு நோ அக்கோ-சான்’ 1962இலும், யோகோயாமா மிட்சுதெருவின் ‘மஹோட்சுகாய் சாலி’ 1966இலும் இங்கே தொடங்கின. சிறுமிகளுக்கான இதழில் இப்படி ஆண்களே முன்னணியில் இருந்தது அன்றைக்கு வழக்கம். புதியவர்களுக்கான பரிசுப் போட்டி வந்த பிறகு அது மாறியது. 1968இல் அறிமுகமான இச்சிஜோ யுகாரி அந்த வழியில் வந்தவர்தான்.

1970களின் நடுவில் முட்சு ஏ-கோ, தபுச்சி யுமிகோ, தாச்சிகாகெ ஹிதெகோ மூவரும் இதழின் முகத்தையே மாற்றினார்கள். சாதாரணப் பெண்ணின் சாதாரணக் காதல், சிறுபூப் போட்ட கவுன், தேநீர்க் கோப்பை என்று போகும் அந்த உலகம் கல்லூரி மாணவர்களையும், ஆண்கள் உட்பட, இழுத்தது. அடுத்த அலை 1982இல் இகெனோ கோயின் ‘தொகிமெகி டுநைட்’டோடு தொடங்கி 1990களின் முதல் பாதிவரை ஓடியது. 1994இன் தொடக்கத்தில் ‘ரிபோன்’ 25.5 லட்சம் பிரதிகள் அச்சடித்தது. பெண்கள் காமிக்ஸ் இதழ்களில் அதுதான் உச்சம்.

இந்த எண்ணை எங்காவது எடுத்தாளும்போது ஒரு எச்சரிக்கை. அச்சடித்தது வேறு, விற்றது வேறு. ஜப்பான் பத்திரிகைச் சங்கம் அச்சகச் சான்றோடு பிரதி எண்ணிக்கையைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடத் தொடங்கியது 2008இல்தான், அதுவும் அச்சு எண்ணிக்கையே. 1990களின் எண்கள் பதிப்பகம் தானே அறிவித்தவை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் கோடு போட்டு இணைத்தால், உச்சத்துக்குப் பிறகு வந்த வீழ்ச்சியின் சாய்வு தப்பாகத் தெரியும்.

வருடம் கண்டுபிடிப்பது

அதிகம் பேர் சறுக்கும் இடம் அட்டை ஓரத்துப் பொடி எழுத்து வரி. அதில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று, மலிவு அஞ்சல் கட்டணத்துக்காக ‘மூன்றாம் வகை அஞ்சல்’ அனுமதி கிடைத்த தேதி. மற்றொன்று அந்த இதழின் வெளியீட்டுத் தேதி. முதல் தேதி, இதழ் தொடங்கிய காலத்தில் வாங்கிய அனுமதியைக் குறிப்பது, பல பத்தாண்டுகளுக்கு மாறாமல் அப்படியே அச்சாகும். விற்பவர் அதைப் படித்துவிட்டு 1980களின் இதழை ‘1955 அரிய பிரதி’ என்று போட்டுவிடுவார். ஒரே வரியில் இரண்டு தேதி கண்டால் பிந்தியதை எடுங்கள். முந்தியது வெறும் அனுமதி.

அதே வரியில் தொகுதி எண்ணும் இதழ் எண்ணும் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் ‘கன்’ (巻) என்ற எழுத்து வந்தால் தொகுதி, ‘கோ’ (号) என்ற எழுத்து வந்தால் இதழ். ‘ரிபோன்’ 1955இல் முதல் தொகுதியோடு தொடங்கி ஆண்டுக்கு ஒன்று ஏறுவதால் கணக்கு எளிது: தொகுதி எண்ணோடு 1954ஐக் கூட்டுங்கள். 28ஆம் தொகுதி என்றால் 1982. ‘நகயோஷி’யும் 1955தான் என்பதால் அதற்கும் இதே கணக்கு. இதழ் எண்ணை மட்டும் மாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இடையில் வரும் சிறப்பு வெளியீடுகளும் அதே வரிசையில் எண் வாங்கிக்கொள்வதால், எட்டாம் எண் இதழ் ஜூலையாகவும் இருக்கலாம்.

ஆண்டு ஜப்பானியப் பேரரசர் காலக் கணக்கில் இருந்தால்: ஷோவா ஆண்டோடு 1925, ஹெய்செய் ஆண்டோடு 1988, ரெய்வா ஆண்டோடு 2018 கூட்டுங்கள். ஷோவா 64 ஏழே நாள்தான் இருந்தது. 1989 ஜனவரி 7 அன்று பேரரசர் மறைந்ததும் மறுநாள் ஹெய்செய் பிறந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே அச்சேறிய பிப்ரவரி இதழ்களில் பழைய காலக் கணக்குதான் இருக்கும். ‘ஷோவா 64 பிப்ரவரி 1’ என்று ஒரு நாளே நாட்காட்டியில் இல்லை, இதழ் மட்டும் உண்மை. போலி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

அட்டையில் உள்ள மாதம், இதழ் கடைக்கு வந்த மாதம் இல்லை. ‘ரிபோன்’ வழக்கமாக முந்தைய மாதம் 3ஆம் தேதியை ஒட்டி வரும். செப்டம்பர் இதழ் ஆகஸ்ட் தொடக்கத்தில் கடையில் இருக்கும். ஆண்டு திரும்பும் இடத்தில் இது ஒரு வருடத்தையே புரட்டிவிடும். பக்கத்து வீட்டு உதாரணம்: ‘நகயோஷி’யில் ‘செய்லர் மூன்’ தொடங்கியது 1992 பிப்ரவரி இதழில். புத்தாண்டு விடுமுறைக்காக அது 1991 டிசம்பர் 28 அன்றே விற்பனைக்கு வந்துவிட்டது. எனவே குறிப்பு எழுதும்போது இதழின் தேதியா விற்பனைத் தேதியா என்று எப்போதும் சேர்த்தே எழுதுங்கள்.

அட்டை கிழிந்து போயிருந்தால்?

அப்போது பின்பக்கக் கூப்பன்களுக்குப் போங்கள். வாசகர் கருத்துக் கார்டு, பரிசு விண்ணப்பம், ‘விண்ணப்பித்த அனைவருக்கும்’ என்று அறிவித்துப் பொருள் அனுப்பும் திட்டத்தின் சீட்டு ஆகியவை துல்லியமான கடிகாரங்கள்.

முகவரியில் அஞ்சல் குறியீடு எத்தனை இலக்கம் என்று பாருங்கள். குறியீடே இல்லையென்றால் 1968 ஜூலைக்கு முன். மூன்று அல்லது ஐந்து இலக்கம் இருந்தால் அதற்குப் பிறகு, 1998 பிப்ரவரி வரை. ஏழு இலக்கம் என்றால் அதற்கும் பின். அடுத்து பதிப்பகத்தின் டோக்கியோ தொலைபேசி எண். 1991 ஜனவரி 1 அன்று 03க்குப் பின்னால் வரும் மூன்று இலக்கப் பகுதி, முன்னே ஒரு 3 சேர்ந்து நான்கு இலக்கமானது. மூன்று இலக்கம் கண்டால் இதழ் 1991க்கு முந்தையது என்று கொள்ளலாம்.

அஞ்சல் தலை ஒட்டும் கட்டம் இன்னும் நெருக்கமாகச் சொல்லும். கார்டின் மூலையில் ஒரு சிறு செவ்வகம் போட்டு, இத்தனை யென் தலை ஒட்டவும் என்று எழுதியிருப்பார்கள். கார்டுக்கான கட்டணம் 1981 ஏப்ரல் முதல் 40 யென், 1989 ஏப்ரல் முதல் 41, 1994 ஜனவரி கடைசியிலிருந்து 50, 2014 ஏப்ரல் முதல் 52. இதில் 41 என்ற எண் ஐந்து வருடம்கூட ஓடவில்லை, அதனால்தான் அவ்வளவு பயன். கடிதத்துக்கு 1981 ஜனவரி முதல் 60, பிறகு கார்டு ஏறிய அதே தேதிகளில் 62, 80, 82. அனைவருக்கும் அனுப்பும் திட்டச் சீட்டில் 62 யென் தலை இத்தனை வையுங்கள் என்று கேட்டிருந்தால் 1989–94க்குள் வந்துவிட்டீர்கள்.

விலை அச்சிலும் ஒரு தடயம் உண்டு. நுகர்வு வரி 1989 ஏப்ரலில் 3 சதவீதமாக வந்தது, 1997 ஏப்ரலில் 5, 2014 ஏப்ரலில் 8, 2019 அக்டோபரில் 10. மொத்த விலையும் அடைப்புக்குள் வரி நீங்கிய விலையும் இருந்தால் பெரியதைச் சிறியதால் வகுங்கள். 390ஐ 379ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.03, 400ஐ 381ஆல் வகுத்தால் 1.05. எந்த வரிக் காலம் என்று அதிலேயே தெரிந்துவிடும். விலையை மட்டும் வைத்து வருடம் சொல்ல முயலாதீர்கள். இதழோடு தரும் இலவச இணைப்பு பெரிதாக உள்ள மாதங்களில் ‘சிறப்பு விலை’ என்று கூட்டிவிடுவார்கள்.

எல்லாமே கிழிந்துபோய் கதைகள் மட்டும் மிஞ்சினால், தொடர்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரு பிரதியில் மிசுசாவா மெகுமியின் ‘ஹிமெ-சான் நோ ரிபோன்’, யாசாவா ஐயின் ‘தென்ஷி நான்கா ஜா நாய்’, யோஷிசுமி வதாருவின் ‘மார்மலேட் பாய்’ மூன்றும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 1990 ஆகஸ்ட் முதல் 1994 ஜனவரி வரை, இரண்டாவது 1991 செப்டம்பர் முதல் 1994 நவம்பர் வரை, மூன்றாவது 1992 மே முதல் 1995 அக்டோபர் வரை. மூன்றும் சேர்ந்து வரக்கூடியது 1992 மே முதல் 1994 ஜனவரி வரையிலான 21 இதழ்களில் மட்டுமே. ‘ஹிமெ-சான்’ தொலைக்காட்சித் தொடர் 1992 அக்டோபரில் தொடங்கியது. ஒளிபரப்பாகிக்கொண்டிருப்பதாக விளம்பரம் இருந்தால் முதல் சில மாதங்களும் கழிந்துவிடும். பிறகு தொகுப்பு நூலில் அத்தியாய வரிசையைப் பார்த்து மாதத்தைப் பிடிக்கலாம். ஆசிரியர் ஒரு மாதம் லீவு போட்டிருக்கலாம் என்பதால், ஒரு தொடர் இல்லாததை ஆதாரமாக எடுக்காதீர்கள். இருப்பது மட்டுமே ஆதாரம்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. ‘ரிபோன் ஒரிஜினல்’ 1981 முதல் 2006 வரை வந்த தனி இதழ். ‘ரிபோன் டீலக்ஸ்’ அதற்கும் முந்தியது. இரண்டுக்கும் மேலே சொன்ன தொகுதிக் கணக்கு பொருந்தாது.

ஃபுரோகு: இதழின் மறுபாதி

இதழோடு இலவசமாக வரும் இணைப்பை ஃபுரோகு என்பார்கள். ‘ரிபோன்’ வரலாற்றில் இது ஓரத்து விஷயமே இல்லை. 1950, 60களில் ஃபுரோகு என்றால் பெரும்பாலும் சிறு காமிக்ஸ் புத்தகம். கதை இதழில் தொடங்கி, தொடர்ச்சி இணைப்புப் புத்தகத்தில் என்று முடியும். இணைப்பு இல்லாத பிரதியில் கதையே பாதிதான் இருக்கும். வாங்கிய பிறகு பக்கம் காணவில்லை என்று விற்பவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன், கடைசிக் கட்டத்தின் கீழே அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

1970களில் அது பொருளாக மாறியது: கடிதத்தாள் செட், தாள் பை, நோட்டு, ஸ்டிக்கர், சீட்டுக்கட்டு, வெட்டி மடித்துச் செய்யும் பெட்டி. முட்சு ஏ-கோவின் படம் போட்ட தாள் பைக்காகவே இதழ் வாங்கியவர்கள் உண்டு. எல்லாம் ஏன் தாளிலேயே இருந்தது? இதழ்கள் தேசிய ரயில்வேயில் சலுகைக் கட்டணத்தில் போயின. சலுகை வேண்டுமென்றால் இணைப்பின் பொருள், அளவு, கனம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. அட்டை வரியில் ரயில்வே ஒப்புதல் எண் அச்சாகியிருப்பது அதனால்தான். ரயில் போய் லாரி வந்த பிறகும் பத்திரிகைச் சங்க விதியாக அது நீடித்து, 2001இல்தான் நன்றாகத் தளர்ந்தது. பிளாஸ்டிக் பெட்டியும் துணிப் பையும் அழகுப் பொருளும் இதழோடு சகஜமாக வருவது அதன் பிறகுதான்.

இது வாங்குபவருக்கு நேரடியாக உதவும். ‘1985 ஃபுரோகு’ என்று கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவோ உலோகப் பதக்கமோ விற்பனைக்கு வந்தால், அது இதழோடு வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. கூப்பனும் அஞ்சல் தலையும் அனுப்பி வாங்கிய பொருளாகவோ குலுக்கல் பரிசாகவோ இருக்கும். மதிப்பு குறையாது, சில நேரம் கூடும். ஆனால் இதழோடு சேர்த்துப் பட்டியலிடக் கூடாது.

ஒரு ஃபுரோகு எந்த மாதத்தது என்பதை அதன்மேலேயே தேடுங்கள். இதழின் பெயர், மாதம், ‘ஃபுரோகு’ என்ற சொல், வரைந்தவர் பெயர் ஆகியவை மிகச் சிறிய எழுத்தில் ஓர் ஓரத்தில் இருக்கும். பெட்டியானால் உள்ளே மடியும் நாக்கில், கடிதத்தாள் செட்டானால் உறையின் பின்பக்கத்தில், ஸ்டிக்கரானால் தாளின் அடிவிளிம்பில். ஸ்டிக்கரை வெட்டி எடுத்திருந்தால் இந்த விளிம்புதான் முதலில் தொலையும். மாதம் இருந்து வருடம் இல்லையென்றால், முந்தைய மாத இதழின் ‘அடுத்த இதழில்’ பக்கத்தைப் பாருங்கள். வரப்போகும் இணைப்புகள் படத்தோடு அங்கே இருக்கும். எத்தனை உருப்படி என்று எண்ணவும் அதே பக்கம்தான் நம்பகமானது. முன்னறிவிப்புப் படம் மாதிரி வடிவம் என்பதால் நிறம் மட்டும் மாறியிருக்கலாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

விற்பனைக் குறிப்பில் ‘ஹொன்ஷி நோமி’ என்றால் இதழ் மட்டும். ‘ஃபுரோகு ட்சுகி’ என்றால் இணைப்போடு, ஆனால் எல்லா இணைப்பும் என்று பொருளில்லை. ‘கெப்பின்’ என்றால் ஏதோ குறைகிறது. ‘கிரிநுகி’ என்று வந்தால் அது இதழே அல்ல, ஒரு தொடரின் பக்கங்களை மட்டும் வெட்டி எடுத்த கட்டு. இந்தப் பழக்கத்தின் மறுபக்கத்தையும் யோசியுங்கள்: அந்தப் பக்கங்களை இழந்த இதழும் எங்கோ விற்பனைக்கு இருக்கும்.

மூன்று படம் கேளுங்கள்: அட்டை ஓரத்துத் தேதி வரி, பொருளடக்கம், கடைசி நான்கு பக்கம். கூப்பன் வெட்டுகள் கடைசிப் பக்கங்களில்தான். ஒரு மூலைதானே என்று விட வேண்டாம், மறுபக்கத்தில் கதையின் கடைசிக் கட்டம் இருக்கலாம்.

கைக்கு வந்ததும் பக்கம் எண்ணுவது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. படம் விளிம்புவரை ஓடும் பக்கங்களில் எண் இருக்காது. அதற்கு மாற்று, தாளின் நிறம். மலிவான தாளில் இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் ஏற்றி மாற்றி மாற்றிக் கட்டியிருப்பார்கள். நிறம் மாறும் இடம் அச்சு மடிப்பின், அதாவது ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடித்த பக்கக் கட்டின், எல்லை. ஒரு மடிப்பு பொதுவாக 16 அல்லது 32 பக்கம். ஒவ்வொரு நிறக் கட்டையும் தனியாக எண்ணி, 14, 30 என்று வந்தால் ஒரு தாள் போயிருக்கிறது. முன்பக்க வண்ணத் தாள்கள் வேறு அச்சு, அவற்றைத் தனியாக எண்ணுங்கள்.

அட்டையில் குறுக்கே மெல்லிய பள்ளம் இருந்தால் பயப்படாதீர்கள். கடைக்காரர்தான் இணைப்பை நடுவில் வைத்துக் கயிறோ ரப்பர் பேண்டோ போட்டுக் கட்டித் தருவார். அந்தத் தழும்பு, இணைப்போடு விற்ற பிரதி என்பதற்குச் சாட்சி.

ஒப்பிட்டுப் பார்க்க, ஜப்பான் கலாச்சார முகமை உருவாக்கிய ஊடகக் கலைத் தரவுத்தளத்திலும் தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் பட்டியலிலும் தேடலாம். நேரில் போக முடிந்தால் அந்த நூலகத்தின் கிளையான உவெனோ சர்வதேசச் சிறுவர் நூலகம், கியோட்டோ சர்வதேச மங்கா அருங்காட்சியகம், மெய்ஜி பல்கலைக்கழகத்தின் யோனெசாவா யோஷிஹிரோ நினைவு நூலகம் மூன்றும் முதல் இலக்கு. என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை மாதம், வருடத்தோடு முன்பே எழுதி வைத்துக்கொண்டு போங்கள். நூலகப் பிரதிகளிலும் ஃபுரோகு பெரும்பாலும் இருக்காது.

கெடாமல் வைப்பது

மரக்கூழ் அப்படியே கலந்த தாள் இது. ஒளியும் சூடும் பட்டால் பழுத்து, விளிம்பிலிருந்து நொறுங்கும். 20 டிகிரியை ஒட்டிய சூடு, 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் என்பது நூலகத்தார் கணக்கு. கடலோர ஊரில் வீட்டுக்குள் அது கிடைக்காது, இறுக மூடும் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் ஓரளவு ஈடுகட்டும். ஜெல்லை நிறம் மாறியதும் காய வைத்துப் போடாவிட்டால் வைத்தும் பயனில்லை.

தடித்த இதழ்களின் முதுகை ஓரத்தில் கம்பியால் தைத்து, மேலே அட்டையை ஒட்டியிருப்பார்கள். அதனால் 180 டிகிரி விரிக்காதீர்கள். விரித்தால் முதலில் பசை வெடிக்கும், பிறகு கம்பி தாளைக் கிழிக்கும். ஸ்கேன் செய்ய வேண்டுமென்றால் கண்ணாடியில் கவிழ்க்காமல், 90 டிகிரி திறந்து மேலிருந்து கேமராவில் எடுங்கள். பின்பக்க அச்சு தெரிந்தால் அடியில் கறுப்புத் தாள் வையுங்கள். சாயத் தாளைத் தானியங்கி வெள்ளைச் சமனில் எடுத்தால் இளஞ்சிவப்பு சாம்பலாகிவிடும், சமனைக் கையால் பூட்டிக்கொள்ளுங்கள். கம்பி துருப்பிடித்திருந்தாலும் பிடுங்க வேண்டாம். பழைய செல்லோடேப்பையும் உரிக்க வேண்டாம்.

வைப்பது படுக்கை வாக்கில், நான்கைந்துக்கு மேல் அடுக்காமல், ஒவ்வொன்றும் பாலிப்ராப்பிலீன் உறையில் அமிலமில்லாத அட்டையோடு. பிவிசி உறை மட்டும் ஆகவே ஆகாது, அதிலிருந்து கசியும் மென்மையாக்கி அச்சு மையோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பேண்ட் இருந்தால் உடனே எடுங்கள், உருகிப் பழுப்புக் கறையாகும். பூச்சிக்கு நாப்தலீன் உருண்டை போடும் பழக்கம் இங்கே ஆபத்து: அதன் ஆவி சில பிளாஸ்டிக் இணைப்புகளை இளக்கிவிடும். வெள்ளிப்பூச்சி கண்டால் இதழைக் காற்றுப் புகாமல் உறையிட்டு, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். எடுத்த பின் ஒரு நாள் முழுக்க உறையைப் பிரிக்காதீர்கள், அவசரப்பட்டால் தாளிலேயே நீர் கோக்கும்.

இணைப்புகளை இதழுக்குள் திரும்பச் செருகாமல் தனி உறையில் போட்டு, மாதமும் வருடமும் உறையின் மேல் பென்சிலில் எழுதுங்கள். மடித்துச் செய்யும் பெட்டி மடிக்காமல் கிடைத்திருந்தால் அப்படியே விடுங்கள், முதல் மடிப்பிலேயே பழைய அட்டையின் மேற்பூச்சு விரியும். ஸ்டிக்கர் தாளுக்குப் பின்னால் காலப்போக்கில் பசை கசிந்து பக்கத்துத் தாளைப் பிடித்துக்கொள்ளும். இடையே சிலிக்கோன் பூசிய பேக்கிங் தாள் ஒன்றைத் தாளைவிட எல்லாப் பக்கமும் 1 செ.மீ. பெரிதாக வெட்டி வையுங்கள், அதில் பசை தெரிய ஆரம்பித்ததும் மாற்றுங்கள்.